மண்ணுக்கு உடையவர்கள்: கோல்டு கோஸ்ட் அறிஞர் பிரிட்டனோடு நடத்திய வாதம்

ஐரோப்பிய ஏகாதிபத்தியத்துக்கு ஆப்பிரிக்கா அளித்த பதில் என்றவுடன், 1879-ல் இசாண்டில்வானாவில் பிரிட்டிஷ் படையை நிர்மூலமாக்கிய ஜூலு வீரர்களும், 1896-ல் அட்வாவில் இத்தாலியரை முறியடித்த எத்தியோப்பியச் சக்கரவர்த்தி மெனெலிக்கும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. அந்த வீரத்தின் புகழ் என்றும் குன்றாதது. ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில், மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரப் பட்டணங்களில், வைத்தியம் கற்றவர்களும் சட்டம் கற்றவர்களும் வியாபாரிகளும் ஊர்த்தலைவர்களும் ஒன்றுகூடி, ராஜ்யம் என்பது யாது, அரசனுடைய அதிகாரத்துக்கு எல்லை எது, நிலத்துக்கு உடையவர் யார் என்ற கேள்விகளைக் கையில் எடுத்துக்கொண்டு, சாம்ராஜ்யம் எந்தச் சட்டத்தின் பெயரால் ஆண்டதோ அந்தச் சட்டத்தைக் கொண்டே அதனோடு வாதாடினார்கள். அவ்வாதத்தில் ஒரு பெரிய விஷயத்தில் வெற்றியும் பெற்றார்கள். இன்று கானா என்று வழங்கும் தேசம் அப்போது கோல்டு கோஸ்ட் என்ற பெயரால் அறியப்பட்டது. நம் பத்திரிகைகளில் அதிகம் பேசப்படாத அந்த வாதத்தின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அக்கரையில் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் வரிசையாக வந்து கோட்டைகளைக் கட்டினார்கள். முதலில் பொன்னுக்காகவும், பிறகு அடிமை வியாபாரம் என்ற மகாபாதகத்துக்காகவும். ஆனால் பீரங்கிகள் பூட்டிய அந்தக் கோட்டைகளுக்கு உரியவர்கள், தாங்கள் நிற்கும் மண்ணுக்கு உள்ளூர்த் தலைவர்களிடம் வாடகை செலுத்திவந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 1844-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் தேதி கரையோர ஃபான்டே இனத் தலைவர்கள் ஆங்கிலேயரோடு செய்துகொண்ட உடன்படிக்கைகூட, கொலை, கொள்ளை முதலிய பெருங்குற்றங்களை ஆங்கிலேய அதிகாரிகள் அந்தந்த வட்டாரத் தலைவர்களோடு சேர்ந்து விசாரிக்க இடம் கொடுத்ததே தவிர, ஒரு சாண் நிலத்தையும் பிரிட்டிஷ் அரசிக்கு உரிமையாக்கவில்லை. பிற்காலத்தில் இந்நாட்டு அறிஞர்கள் நடத்திய வாதம் முழுவதற்கும் இதுவே அஸ்திவாரம்: நாங்கள் போரில் வெல்லப்பட்டவர்கள் அல்லர், நிலத்தை ஒருபோதும் எழுதிக் கொடுத்தவர்களும் அல்லர், ஆகவே உங்கள் அதிகாரம் நாங்கள் எவ்வளவு கொடுத்தோமோ அவ்வளவே.

இந்தச் சிந்தனைக்கு முதல் வடிவம் கொடுத்தவர்களுள் ஒருவர் அந்த மண்ணில் பிறந்தவரே அல்லர். ஜேம்ஸ் ஆப்பிரிக்கானஸ் ஹார்ட்டன் 1835-ல் சியரா லியோனில், ஃப்ரீடவுனுக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் இக்போ இனத்தார். அடிமைக் கப்பலிலிருந்து பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்டுக் கரையேற்றப்பட்ட பல்லாயிரவரோடு வந்து அங்கே குடியமர்ந்தவர்கள். மகன் ஃப்ரீடவுனில் படித்து, லண்டனுக்குச் சென்று, 1859-ல் எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று, ஆப்பிரிக்கானஸ் என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் ராணுவ வைத்தியராகக் கோல்டு கோஸ்டுக்கு வந்துசேர்ந்தார். ஆப்பிரிக்கர் பிறவியிலேயே தாழ்ந்தவர்கள் என்பதை விஞ்ஞானம் என்ற பெயரால் லண்டன் மானிடவியல் சங்கத்தார் உபதேசித்துவந்த காலம் அது. அவர்களுக்கு மறுப்பாக ஹார்ட்டன் 1868-ல் வெளியிட்ட நூலில், மக்கட் கூட்டங்களுக்கிடையே காணும் வேற்றுமைகள் சூழ்நிலையால் வருபவையே அன்றி ரத்தத்தால் வருபவை அல்ல என்றும், ரோமாபுரியின் கண்ணுக்கு ஒருகாலத்தில் பிரிட்டானியரும் அநாகரிகராகவே தோன்றினார்கள் என்றும் ஒரு வைத்தியருக்குரிய நிதானத்தோடு எடுத்துக்காட்டினார். மேற்கு ஆப்பிரிக்கக் குடியேற்றங்களிலிருந்து நாளடைவில் விலகிக்கொள்வதற்காக அம்மக்களைச் சுயஆட்சிக்குப் பழக்க வேண்டும் என்று 1865-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் கமிட்டி ஒன்று சிபாரிசு செய்திருந்தது. செலவுக்கு அஞ்சிச் செய்யப்பட்ட அந்தச் சிபாரிசை ஹார்ட்டன் ஒரு வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டார். ஃபான்டே நாட்டுக்கு ஒரு முடியாட்சி, அக்ரா பட்டணத்துக்கு ஒரு குடியரசு என்று இடத்துக்கு இடம் வேறுபட்ட ஏற்பாடுகளை வகுத்ததோடு, மேற்கு ஆப்பிரிக்காவுக்கென ஒரு சர்வகலாசாலையும் வேண்டும் என்று வற்புறுத்தினார். அவரிடம் ஒரு குறையும் உண்டு. ஐரோப்பிய நாகரிகத்தையே மனித முன்னேற்றத்தின் ஒரே அளவுகோலாக அவர் கொண்டார். தம் மக்கள் அந்த அளவை எட்ட வல்லவர்கள் என்று நிரூபிப்பதில் காட்டிய சிரத்தையை, அந்த அளவுகோலைச் சோதிப்பதில் அவர் காட்டவில்லை.

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே காரியம் அவரை முந்திக்கொண்டது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கரையோரக் கோட்டைகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதென ஒப்பந்தம் செய்து, அது 1868-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. ஆங்கிலேயரின் பாதுகாப்பில் இருந்த ஊர்கள் ஒரே நாளில் டச்சுக்காரருடையவை ஆயின. அவ்வூர் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டச்சுக் கொடியை ஏற்க மறுத்த கொமெண்டா என்ற ஊரை டச்சுப் போர்க்கப்பல் சுட்டுத் தகர்த்தது. இந்தச் செய்தி கேட்டுக் கொதித்தெழுந்த ஃபான்டே அரசர்களும் தலைவர்களும், தங்கள் முன்னோர் முதன்முதலில் குடியமர்ந்ததாகப் போற்றும் மான்கெசிம் என்ற பழம்பதியில் கூடி ஒரு கூட்டாட்சியை ஏற்படுத்தினார்கள். மூன்றாண்டுகளுக்குப் பிறகு, 1871 நவம்பரில், நாற்பத்தேழு ஷரத்துகள் கொண்ட ஓர் அரசியலமைப்பை எழுத்தில் வடித்தார்கள்.

அந்த ஷரத்துகளைப் படிக்கும் எவரும் அவற்றை இயற்றியவர்களின் நிதானத்தைக் கண்டு வியக்காமல் இருக்க முடியாது. ஒவ்வொரு ராஜ்யமும் இரண்டு பிரதிநிதிகளை அனுப்ப வேண்டும். அவர்களில் ஒருவர் பரம்பரைத் தலைவராகவும் மற்றவர் கல்வி கற்றவராகவும் இருக்க வேண்டும். அரசர்கள் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் மகாசபையாகக் கூட வேண்டும். தலைமை வகிக்கும் அரசர் சபையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். உள்நாட்டு ஊர்கள் அனைத்தையும் இணைக்கும் சாலைகள் போடப்பட வேண்டும்; அவை பதினைந்து அடி அகலமும் இருபுறமும் ஆழமான வடிகால்களும் உடையனவாக இருக்க வேண்டும். மழை பெருவாரியாகப் பெய்யும் அந்நாட்டில் வடிகால் இல்லாத சாலை ஒரு பருவத்துக்குமேல் தாங்காது என்பதை அறிந்தவர்கள் எழுதிய ஷரத்து அது. தச்சர், கொத்தர், கொல்லர், பயிர்த்தொழில் செய்வோர் ஆகியோரைப் பழக்கும் தொழிற்பள்ளிகள் வேண்டும். பெண்குழந்தைகளுக்கும் கல்வி வேண்டும். சுதந்திரம் என்ற பெரிய லட்சியத்தைச் சாலை வடிகாலின் ஆழம்வரை யோசித்துவைத்த இம்மனிதர்களுக்கு ஆளத் தெரியாது என்றுதான் அடுத்த எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்சியாளர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அரசியலமைப்பின் பிரதியைக் கூட்டாட்சித் தலைவர்கள் மரியாதையோடு கேப் கோஸ்டிலிருந்த பிரிட்டிஷ் நிர்வாகி ஸால்மனுக்கு அனுப்பினார்கள். அவர் அதை ராஜத்துரோகச் சதியாகக் கொண்டு, கூட்டாட்சியின் மந்திரிகளைப் பிடித்துச் சிறையில் அடைத்தார். லண்டன் இந்த அவசரத்தை ஆதரிக்கவில்லை, அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். எனினும் அடிபட்ட கூட்டாட்சி மீண்டும் தலைதூக்கவில்லை. 1872-ல் டச்சுக்காரர் தம் கோட்டைகளை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். 1874 பிப்ரவரியில் ஜெனரல் வூல்ஸ்லியின் சேனை அசாந்தியரின் தலைநகர் குமாசியைத் தீயிட்டது. அவ்வாண்டு ஜூலையில் கோல்டு கோஸ்ட் ஒரு காலனி என்று பிரகடனம் செய்யப்பட்டது. ஒன்பதே ஆண்டுகளுக்கு முன் விலகிக்கொள்வதைப் பற்றிப் பேசிய பார்லிமெண்டு, இப்போது அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து வாதம் நிலத்தின்மேல் திரும்பியது. இங்கே அந்நாட்டு நிலமுறையைப் பற்றிச் சிறிது சொல்லாவிட்டால் மேலே நடந்தது விளங்காது. ஃபான்டேயரும் அசாந்தியரும் அடங்கிய அகான் மக்களிடையே நிலம் ஒரு தனிமனிதனின் சொத்து அன்று. தாய்வழியில் வரும் குடும்பத்துக்கோ, தலைவரின் ஆசனத்துக்கோ உரியது. ஆசனம் என்பது ஒரே மரத்துண்டில் குடைந்து செய்த சிறு இருக்கை. மூதாதையரின் ஆவி அதில் உறைவதாக நம்பிக்கை. அதில் அமர்பவர் நிலத்தின் காவலரே அன்றி உடையவர் அல்லர். இறந்தவர்களுக்கும் இனிப் பிறக்கவிருப்பவர்களுக்கும் அதில் பங்கு இருப்பதால், உயிரோடிருப்பவர்கள் மட்டும் கூடி அதைத் தொலைத்துவிட முடியாது. அபூர்வமாக நிலம் விற்கப்படும்போது, சோழிகள் கோத்த நாரை இருதரப்புப் பிரதிநிதிகளும் ஆளுக்கொரு முனையாகப் பற்றி, சாட்சிகளின் முன்னிலையில் அறுப்பார்கள். அறுந்த துண்டு ஒவ்வொன்றும் அந்தந்தத் தரப்பிடம் இருக்கும்; வழக்கு வந்தால் அதுவே பத்திரம். இப்படி எல்லையும் முறையும் சாட்சியும் உள்ள ஒரு நாட்டில், காடாகக் கிடப்பதால் நிலம் உடையவரற்றது என்று சொல்வது அந்நாட்டைப் பற்றிய அறியாமையே.

ஆனால் அதைத்தான் அரசாங்கம் சொல்லிற்று. பொன் தேடிவந்த கம்பெனிகள் தலைவர்களிடமிருந்து சுரங்கக் குத்தகைகளைப் பெற்றுக்கொண்டிருந்தன. 1897-ல் லண்டனில் பதிவுசெய்யப்பட்ட அசாந்தி கோல்டுஃபீல்ட்ஸ் கம்பெனிக்கு ஒபுவாசியில் கிடைத்த நிலம் மட்டும் நூறு சதுர மைல். தலைவர்கள் யோசனையின்றிக் கொடுக்கிறார்கள், ஆகவே அரசாங்கம் குறுக்கிட வேண்டும் என்பது ஒரு காரணம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும் அரசாங்கம் கண்ட பரிகாரம் விசித்திரமானது. 1894-ல் வந்த மசோதா தரிசு நிலங்களையும் காடுகளையும் சுரங்கங்களையும் அரசிக்கு உரிமையாக்க முயன்றது. எதிர்ப்பு பலமாக எழுந்ததால் அது கைவிடப்பட்டது. 1897-ல் கவர்னர் வில்லியம் மாக்ஸ்வெல் கொண்டுவந்த இரண்டாம் மசோதா உரிமையைப் பற்றிப் பேசாமல், பொதுநிலங்களை நிர்வகிக்கும் அதிகாரத்தை மட்டும் அரசாங்கத்துக்கு அளித்தது; பயிரிட்டு வாழும் குடிக்கோ, தன் பாட்டன் வெட்டித் திருத்திய மண்ணில், வந்து குடியேறியவனுக்குரிய உரிமையே மிஞ்சியது. மாக்ஸ்வெல் மலாய் நாட்டில் நெடுங்காலம் பணிசெய்து, செலாங்கூரில் ரெசிடெண்டாக இருந்து, அங்கே நிலச் சட்டங்களில் நிபுணர் என்று பேரெடுத்தவர். நிலத்தை அரசின் கையில் ஒப்படைத்துப் பட்டா வழங்கும் அந்த முறை மலாயாவில் என்னென்ன தோட்டங்களுக்கு வழிவகுத்தது, அத்தோட்டங்களில் யாருடைய உழைப்பு உரமாயிற்று என்பதைத் தமிழர்களாகிய நமக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை.

இந்த மசோதாவுக்கு எதிராக எழுந்தவர் ஜான் மென்சா சார்பா. அனொமாபு ஊரில் 1864-ல் பிறந்து, 1887-ல் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்ற முதல் கோல்டு கோஸ்ட் ஆப்பிரிக்கர் அவர். காலனியின் உயர்நீதிமன்றத்துக்கான 1876-ஆம் ஆண்டுச் சட்டமே, நாட்டு வழக்காறுகளை நீதிமன்றங்கள் ஏற்று நடத்தலாம் என்று கூறியிருந்தது. இந்த ஒரு வாசலைக் கண்டுகொண்ட சார்பா, தீர்ப்புகளையும் முதியோர் வாக்கையும் ஆண்டுக்கணக்கில் திரட்டி, ஃபான்டே வழக்காற்றுச் சட்டங்களைப் பற்றிய தம் பெருநூலை 1897-ல், மசோதா வந்த அதே ஆண்டில், வெளியிட்டார். எழுதப்படாததால் சட்டமே இல்லை என்று சொல்லுவோருக்கு அச்சுப் புத்தகத்தைவிடப் பொருத்தமான பதில் வேறு என்ன இருக்க முடியும்? சட்டசபையின் முன் நின்று மசோதாவை எதிர்த்து அவர் வாதாடினார். அதற்கு ஊதியம் பெற மறுத்துவிட்டார். அவ்வாண்டே கேப் கோஸ்டில் தலைவர்களும் கற்றோரும் சேர்ந்து பூர்வகுடிகள் உரிமைப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார்கள். அதன் முதல் தலைவர் பாமாயில் வியாபாரத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜேக்கப் வில்சன் ஸே. அவரோடு இருவர் சேர்ந்து மூவராக லண்டனுக்குச் சென்று, 1898 ஆகஸ்டில் காலனி மந்திரி ஜோசப் சேம்பர்லேனைச் சந்தித்தார்கள். சாம்ராஜ்ய விஸ்தரிப்பே தம் வாழ்வின் நோக்கம் என்று கொண்டிருந்த அம்மனிதர் அவர்களுடைய வாதத்தைக் கேட்டு மசோதாவைக் கைவிட்டார். 1900-ஆம் ஆண்டு வந்த புதிய சட்டம், குத்தகைகளை நீதிமன்றம் பரிசீலித்து அங்கீகரிக்க வேண்டும் என்று மட்டும் ஏற்பாடு செய்தது. நிலம் அதனதன் ஆசனத்திடமும் குடும்பத்திடமுமே நின்றது.

இதன் பலன் என்ன என்பதை அளந்து பார்க்க வேண்டுமானால் கொக்கோவைப் பார்க்க வேண்டும். 1891-ல் சில மூட்டைகளாகத் தொடங்கிய ஏற்றுமதி, 1911-ல் கோல்டு கோஸ்டை உலகிலேயே அதிகம் கொக்கோ விளைவிக்கும் நாடாக ஆக்கிற்று. அதில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்குப் பெரும் பங்கு இல்லை. அக்வாப்பிம், குரோபோ முதலிய இடங்களிலிருந்து பணம் சேர்த்துக் கூட்டாக நிலம் வாங்கிக் காட்டைத் திருத்திய கறுப்பு உழவர்களின் உழைப்பே அதைச் சாதித்தது. கென்யாவில் மேட்டுநிலங்களை வெள்ளையருக்கென ஒதுக்கிவிட்டு, கிக்குயு மக்களை அங்கேயே கூலிகளாக வைத்ததையும், தெற்கு ரொடீஷியாவில் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் ஏறத்தாழப் பாதியைச் சொற்பமான வெள்ளையருக்கு எழுதிக் கொடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். கோல்டு கோஸ்டில் வெள்ளையர் குடியேறத் தயங்கியதற்கு மலேரியாவும் ஒரு காரணந்தான். கொசுவுக்குரிய பங்கை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கொசு தோட்டக் கம்பெனியின் பட்டாவைத் தடுக்காது. மலாயாவிலும் மலேரியா இருந்தது. தடுத்தது சார்பாவும் அவர் சகாக்களும் நடத்திய வாதம் என்றே நான் கருதுகிறேன்.

இந்த வெற்றியிலிருந்து ஒரு முழுமையான அரசியல் தத்துவத்தை வளர்த்தெடுத்தவர் ஜோசப் கேஸ்லி ஹேஃபோர்டு. கேப் கோஸ்டில் 1866-ல் பிறந்த இவரும் பாரிஸ்டர், பத்திரிகாசிரியர்; 1911-ல் ‘எத்தியோப்பியா அன்பவுண்ட்’ என்ற நாவலையும் எழுதினார். ஆனால் என் நோக்கில் அவருடைய ஆழ்ந்த நூல், கோல்டு கோஸ்டின் சுதேச ஸ்தாபனங்களைப் பற்றி 1903-ல் வெளிவந்ததுதான். அகான் அரசன் எதேச்சாதிகாரி என்று ஐரோப்பியர் நினைத்திருந்தார்கள். அரசன் தேர்ந்தெடுக்கப்படுகிறான், முதியோர் சபையின் சம்மதமின்றி எதையும் செய்ய அவனால் இயலாது, கடமை தவறினால் ஆசனத்திலிருந்து இறக்கப்படுகிறான் என்று ஹேஃபோர்டு விளக்கினார். பட்டமேற்கும் நாளில் மக்கள் தங்களுக்கு வேண்டாதவற்றையெல்லாம் வரிசையாக அவன் முகத்துக்கு நேரே சொல்லுவார்கள்: எங்களை இழிவாகப் பேசக் கூடாது, பேராசை கூடாது, ஆலோசனையைத் தள்ளக் கூடாது என்று. ஒவ்வொன்றையும் அவன் ஒப்புக்கொண்ட பிறகே ஆசனத்தில் அமர்த்தப்படுகிறான். இதை வைத்து ஹேஃபோர்டு எழுப்பிய கேள்வி கூர்மையானது: அரசனைக் கட்டுப்படுத்தத் தெரிந்த மக்களுக்கு, ஒருவராலும் கட்டுப்படுத்த முடியாத ஒரு கவர்னரைக் கொடுத்துவிட்டு, அதையே முன்னேற்றம் என்று சொல்லுவது எப்படித் தகும்?

ஹேஃபோர்டு தம் குருவாகப் போற்றியவர் எட்வர்டு வில்மட் பிளைடன். மேற்கிந்தியத் தீவான செயிண்ட் தாமஸில் 1832-ல் பிறந்து, அமெரிக்கக் கல்லூரிகள் நிறத்தைக் காரணம் காட்டிக் கதவடைத்ததால் லைபீரியாவுக்கு வந்து பேரறிஞராக விளங்கிய பிளைடன், ஹார்ட்டன் கைக்கொண்ட அளவுகோலையே வீசியெறிந்தார். ஆப்பிரிக்கனுக்குரிய ஆளுமை வேறு, அவனுடைய கூட்டுவாழ்க்கையில் ஐரோப்பா இழந்துவிட்ட நன்மைகள் இருக்கின்றன, நகல் எடுப்பதால் அவன் தன்னையே இழப்பான் என்பது அவர் போதனை. இனங்களின் தனிக்குணங்களைப் பற்றி அவர் சொன்னவற்றில் இன்று ஏற்க முடியாதவை பல உண்டு. எனினும் ஒரு தலைமுறையை நிமிரச் செய்தவர் அவர். ஆங்கிலப் பெயர்களை விட்டுச் சுதேசப் பெயர்களைப் பூணுவதும், ஐரோப்பிய உடையை விட்டு நாட்டு உடைக்குத் திரும்புவதும் கேப் கோஸ்டில் இக்காலத்தில்தான் பரவின.

ஹேஃபோர்டின் முயற்சியால் 1920 மார்ச்சில் அக்ராவில் பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் கூடிற்று. நைஜீரியா, கோல்டு கோஸ்ட், சியரா லியோன், காம்பியா ஆகிய நான்கு காலனிகளின் பிரதிநிதிகளும் ஒன்றாக அமர்ந்து, சட்டசபைகளில் பாதி ஸ்தானங்களுக்குத் தேர்தலும், ஒரு சர்வகலாசாலையும், ஓர் அப்பீல் கோர்ட்டும் வேண்டும் என்று கேட்டார்கள். லண்டனுக்குப் போன தூதுக்குழு வெறுங்கையோடு திரும்பியது. இதைவிட வேதனையான விஷயம், அதை எதிர்த்துப் பேசியவர்களில் முன்னணியில் நின்றவர் நானா ஒஃபோரி அட்டா என்ற சுதேச அரசரே என்பது. படித்தவர்களுக்கு மக்களின் பெயரால் பேச உரிமை இல்லை, அது தலைவர்களுக்கே உரியது என்பது அவர் கட்சி. மான்கெசிமில் தலைவரையும் கற்றவரையும் ஒரே ஆசனவரிசையில் இருத்திய அந்த விவேகத்தை, அரைநூற்றாண்டுக் காலனி ஆட்சி இப்படிப் பிளந்துவைத்திருந்தது. படித்தவர்களிடமும் பிழை இருந்தது. அவர்களில் பலர் உள்நாட்டு அசாந்தியரைப் பகைவராகவே எண்ணி வளர்ந்தவர்கள். அசாந்தி மன்னர் பிரெம்பே 1896-ல் இதே மாக்ஸ்வெல்லின் பாதங்களைத் தொடும்படி செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டபோதும், அசாந்தியரின் பொன் ஆசனத்தைப் பின்வந்த கவர்னர் கேட்டதற்காக 1900-ல் யா அசாந்தெவா என்ற முதியவள் போர்க்கொடி உயர்த்திச் செஷல்ஸ் தீவில் சிறைப்பட்டு அங்கேயே 1921-ல் மாண்டபோதும், கடலோரத்து வாதத்திறமை அவர்களுக்கு அரணாக நிற்கவில்லை. மனுவும் தூதும் எட்டாத இடத்தை எட்டப் பிறகு வேறு தலைமுறை தோன்ற வேண்டியிருந்தது. க்வாமே என்குருமாவின் கட்சி சந்தைப் பெண்களையும் லாரிக்காரர்களையும் பள்ளிப்படிப்போடு நின்ற இளைஞர்களையும் திரட்டியது. அந்த 1844-ஆம் ஆண்டு உடன்படிக்கை கையெழுத்தான அதே மார்ச்சு 6-ஆம் தேதியில், 1957-ல், கானா சுதந்திரம் அடைந்தது.

நிலத்தைப் பற்றிய கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை. பொதுநன்மைக்காக ஆசன நிலங்களை ஜனாதிபதியின் பொறுப்பில் கொண்டுவர 1962-ல் என்குருமாவின் அரசாங்கமே ஒரு சட்டம் செய்தது. இப்போது அமலில் உள்ள 1992-ஆம் ஆண்டு அரசியலமைப்போ, ஆசன நிலங்கள் ஆசனத்தின் வசமே, மக்களுக்காகப் பொறுப்பேற்கப்பட்டவையாக இருக்கும் என்றும், அந்நிய நாட்டார் எவருக்கும் நிலத்தில் நிரந்தர உடைமை கிடையாது என்றும் கூறுகிறது. சார்பா 1897-ல் வாதித்ததற்கும் இதற்கும் சாரத்தில் அதிக வித்தியாசம் இல்லை. நாட்டு நிலத்தின் பெரும்பகுதி இன்றும் இவ்வாறே இருக்கிறது. ஆனால் உரிமமின்றிப் பொன் தோண்டும் ‘கலாம்சே’ கும்பல்கள் கொக்கோத் தோப்புகளைக் குழியாக்கி ஆறுகளைக் கலக்கும் இடங்களில், பணத்துக்காக நிலத்தைக் கைமாற்றியவர்கள் தலைவர்களே என்ற குற்றச்சாட்டு எழுகிறது. ஆசனத்தில் அமர்ந்தவர் காவலரே, உடையவர் அல்லர் என்ற பழைய வாதத்தை, அவ்வூர்க் குடிகள் இன்று தங்கள் தலைவர்களுக்கு எதிராகவே எடுத்துவைக்கிறார்கள்.